கண்டியின் கத்தோலிக்க ஆண்கள் பாடசாலைகள்: பெற்றோர் அறிய வேண்டிய வரலாறு

மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதை பன்வில, வத்தேகம, கட்டுகஸ்தோட்டை என்னும் ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. நக்கிள்ஸ் மலையின் சாரலிலிருந்து ஒரு காலத்திற் கோப்பி மூட்டைகளும், பின்னர் தேயிலைப் பெட்டிகளும் இறங்கிய வழி அது. இன்று அவ்வழியே பாடசாலைப் பிள்ளைகளும் இறங்குகின்றனர். தோட்டத்திலோ அதனை அடுத்த சிற்றூரிலோ வாழும் ஒரு குடும்பம், தன் மகனை நகரத்துப் பாடசாலையொன்றிற் சேர்க்க எண்ணும்போது, முதலிற் செவியில் விழும் பெயர்களுள் சில புனிதர்களின் பெயர்களாக இருக்கும். புனித அந்தோனியார், புனித சில்வெஸ்டர் என்று பெயர் சூடிய அக்கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "அந்தப் பள்ளிக்கூடம் நல்லதா?"

கேள்வி சிறியது, விடை அத்துணை எளிதன்று. பரீட்சைப் பெறுபேற்றை மாத்திரம் பார்த்து விடை சொல்வாரும் உளர். கட்டடத்தின் உயரத்தையும் விளையாட்டு மைதானத்தின் அகலத்தையும் பார்த்துச் சொல்வாரும் உளர். வரலாற்றைப் பார்த்துச் சொல்வார் அரியர். ஆயினும், "கத்தோலிக்க ஆண்கள் அரசாங்கப் பாடசாலை" என்னும் தொடரை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள மூன்று அடைகளும் மூன்று வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை என்பது விளங்கும். ஒவ்வொன்றும் எப்போது வந்தது, இன்று அதற்கு எவ்வளவு பொருள் எஞ்சியுள்ளது என்று தெளிந்துகொண்டால், பெற்றோர் எதனைக் கேட்கவேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலிற் "கத்தோலிக்க" என்னும் சொல்லை நோக்குவோம்.

கண்டி இராச்சியத்திற் கத்தோலிக்க சமயம் மீண்டும் வேரூன்றியது ஆங்கிலேயர் காலத்திலன்று. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டு, கத்தோலிக்கரை ஒடுக்கிய நாளில், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் துறவி 1687-இல் மாறுவேடத்தில் இந்நாட்டிற்கு வந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்ற அவர் 1692-இற் கண்டியை அடைந்தபோது, ஒற்றர் என ஐயுற்றுச் சிறை வைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு ஆதரவளித்தான். பௌத்த மன்னன் ஒருவனின் நிழலில், கோவா தேசத்துத் துறவி ஒருவர் இருமொழியிலும் சமயப்பணி செய்து, 1711-இற் கண்டியிலேயே காலமானார். 2015-ஆம் ஆண்டு கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஆனால் இன்று நாம் காணும் கல்லூரிகளை அமைத்தவர் வேறு துறவியர். இத்தாலி நாட்டில் 13-ஆம் நூற்றாண்டிற் புனித சில்வெஸ்டர் நிறுவிய பெனடிக்டின் கிளைச் சபையினர் 1845-இல் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் 1854-இற் கண்டியில் தொடங்கிய ஆண்கள் பாடசாலையே, பிற்காலத்திற் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியின் அருகே நிலைகொண்ட புனித அந்தோனியார் கல்லூரி. 1886-இற் கண்டி தனி மேற்றிராசனமாயிற்று. அதன் முதல் மேற்றிராணியார் கிளமெந்து பஞ்ஞானி அச்சபையைச் சேர்ந்தவரே. 1941-இற் கண்டியில் எழுந்த மற்றோர் ஆண்கள் கல்லூரிக்குச் சபையின் நிறுவுநரான சில்வெஸ்டரின் பெயரே இடப்பட்டது.

சமயப் பற்று மாத்திரமே இக்கல்லூரிகளை எழுப்பியது என்று சொல்லிவிட இயலாது. 1869-இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர், பாடசாலை நடத்தும் சபைகளுக்கு அரசாங்கம் உதவிநன்கொடை வழங்கலாயிற்று. நன்கொடை கிடைத்ததும் போட்டியும் பிறந்தது. கண்டியில் அங்கிலிக்கத் திருச்சபையார் 1872-இல் திரித்துவக் கல்லூரியைத் தொடங்கினர். பௌத்தர் 1887-இல் தர்மராஜக் கல்லூரிக்கு அடியிட்டனர். 1891-இற் கிங்ஸ்வூட் கல்லூரி தோன்றிப் பின்னர் மெதடிஸ்தரின் பொறுப்பில் வளர்ந்தது. ஒரு சிறு நகரத்தில் இத்தனை கல்லூரிகள் எழுந்தமைக்கு இப்போட்டியும் ஒரு காரணம். அதனால் நகரத்தார் பெற்ற நன்மை பெரிது.

அந்நன்மை யாருக்குக் கிட்டியது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆங்கிலமொழி மூலம் கற்பித்த கல்லூரிகள் கட்டணம் பெற்றன. கட்டணம் செலுத்த வல்ல சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். இனங்களுக்கிடையே அங்கு மதில் இல்லை. வறுமைக்கும் வசதிக்கும் இடையே மதில் இருந்தது.

இனி "ஆண்கள்" என்னும் சொல். துறவியர் ஆண்பிள்ளைகளையும், கன்னியர் பெண்பிள்ளைகளையும் கற்பித்தல் கத்தோலிக்கர் கைக்கொண்ட முறை. ஆகையால் ஆண்கள் கல்லூரி தோன்றிய நகரங்களிற் கன்னியர் மடப் பாடசாலையும் தோன்றிற்று. கண்டியில் நல்லாயன் கன்னியர் நடத்திய பாடசாலை அத்தகையது. இம்முறையின் நன்மை தீமைகளைப் பற்றிக் கல்வியாளர் பலவாறு பேசுவர். மலைநாட்டுக் குடும்பத்திற்கோ இது வாழ்க்கைக் கணக்கு. அண்ணன் ஒரு பாடசாலைக்கும் தங்கை வேறொரு பாடசாலைக்கும் செல்வதாயின், பேருந்துச் செலவும் துணைக்குச் செல்லும் கவலையும் இரட்டிப்பாகும். இரண்டையும் தாங்க இயலாத வீட்டில், மகன் கண்டிக்குச் செல்வான். மகள் அருகிலுள்ள சிறு பாடசாலையோடு நின்றுவிடுவாள். மகனுக்கு நல்ல பாடசாலை தேடும் பெற்றோர், அதே மாலையில் மகளுக்கும் தேடவேண்டும் என்பதே இச்சொல் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை.

மூன்றாவது சொல்லாகிய "அரசாங்க" என்பதே மிகுந்த போராட்டத்திற்குப் பின் வந்தது.

1943-இற் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே, 1945 முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. கிறித்தவ சபைகள் பல இதனை ஐயத்தோடு நோக்கின. கட்டணம் போனபின் தம் பாடசாலைகளின் தனித்தன்மையும் போய்விடும் என அவை அஞ்சின. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுத்தது. ஆசிரியரை நியமிப்பதும் மாணவரைச் சேர்ப்பதும் சபைகளின் கையில் இருந்தன. பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலையில் ஒரு சமயத்தார்க்கு மாத்திரம் ஏன் அதிகாரம் என்று பௌத்தர் கேட்டனர். எங்கள் பிள்ளைகளை எங்கள் நெறியில் வளர்க்கும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று கத்தோலிக்கர் கேட்டனர். இரு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. ஆகவேதான் சச்சரவு கடுமையாயிற்று.

சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளின் நிருவாகத்தைக் கையேற்றது. 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவற்றின் சொத்துக்களும் அரசுடைமையாயின. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிற் பாடசாலைக் கட்டடங்களுக்குட் குடிபுகுந்து, இரவும் பகலும் காவல் இருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து இணக்கம் காண முயன்றார். இறுதியிற் பெரும்பாலான பாடசாலைகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. கத்தோலிக்கருடையன மாத்திரமல்ல, பௌத்தருடையனவும் சைவருடையனவும் அவ்வாறே சேர்ந்தன. பெரிய கல்லூரிகள் சில, உதவிப்பணம் வேண்டாம் எனத் தனித்து நிற்கச் சட்டம் இடங்கொடுத்தது. ஆனால் அவையும் கட்டணம் பெறலாகாது என விதித்தது.

இச்சட்டங்களின் விளைவைக் கண்டி நகரிலேயே கண்ணாரக் காணலாம். திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியார் கல்லூரியும் தத்தம் திருச்சபைகளின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. கிங்ஸ்வூட், தர்மராஜ, புனித சில்வெஸ்டர் ஆகிய கல்லூரிகள் அரசாங்கப் பாடசாலைகளாயின. ஆகவே இரு கல்லூரிகளின் வாயிலிற் புனிதர் பெயரே இருப்பினும், உள்ளே அதிபரை நியமிப்பவரும் அனுமதி விதியை வகுப்பவரும் வெவ்வேறானவர். பெற்றோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: இப்பாடசாலை இன்று யாருடையது? அரசாங்கத்தினுடையதாயின், அது மத்திய கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலையா, 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாண சபையின் கீழ் வந்ததா? புனித சில்வெஸ்டர் கல்லூரி இன்று தேசிய பாடசாலை. குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பது இவ்விடையைப் பொறுத்தது.

இனி, இவ்வரலாறு முழுவதிலும் மடுல்கெல்லைத் தோட்டத்துப் பிள்ளை எங்கே இருந்தான் என்று கேட்போம்.

கண்டியிற் கல்லூரிகள் எழுந்த அதே பத்தாண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் இம்மலைகளிற் கோப்பி பயிரிட்டனர். 1869-இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை பயிரிட்டனர். அவர்களது பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்தின் கோடியிலோ மரநிழலிலோ நடந்த எழுத்தறிவுப் பள்ளி. 1920-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. சட்டம் இருந்தது, ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் நடத்தும் நிலையும் இருந்தது. 1945-இன் இலவசக் கல்வி நாடெங்கும் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தபோது, தோட்டத்து வாய்க்காலில் அதன் துளிகளே விழுந்தன. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலார் நாடற்றவராயினர். வாக்கில்லாத மக்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் அழுத்திப் பேசுவார் குறைந்தனர்.

1960-61-இன் பெரும் போராட்டத்திலும் தோட்டப் பாடசாலை பேசுபொருளாகவில்லை. கல்லூரிகளை யார் ஆள்வது என்று இரு தரப்பாரும் வழக்காடிய நாளில், தோட்டத்துப் பிள்ளைக்கு அவற்றின் வாயிலே எட்டாதிருந்தது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அத்தசாப்தத்தின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகக் கையேற்றது. 1980-களிற் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை அளித்தது. ஆகவே இன்று கண்டிக் கல்லூரியின் வாயிலில் நிற்கும் மலைநாட்டுப் பெற்றோர், இரந்து நிற்பவர் அல்லர். நெடுங்காலம் பிந்தி வந்த உரிமையைக் கேட்டு நிற்பவர்.

அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு கிட்டும்? அரசாங்கக் கல்லூரிக்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, முதலாந் தர அனுமதி. இதில் மிகப் பெரும் பங்கு பாடசாலைக்கு அண்மையிற் குடியிருப்போர்க்கு உரியது. அடுத்த பெரும் பங்குகள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், அங்கே படிப்போரின் உடன்பிறந்தார்க்கும் உரியன. குடியிருப்பைக் காட்ட உறுதிப்பத்திரமும் வாக்காளர் இடாப்பும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் காணியுறுதி இல்லாத குடும்பத்திற்கு, தொலைவும் ஆவணமும் சேர்ந்து இவ்வாயிலை ஒடுக்கிவிடுகின்றன. பாட்டன் நுழைய முடியாத கல்லூரியிற் பழைய மாணவர் என்ற சலுகை பேரனுக்கு எங்ஙனம் கிடைக்கும்?

இவ்வனுமதியிலேயே கத்தோலிக்கப் பெயருக்கு இன்றும் பொருள் தரும் விதி ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒப்படைக்கப்பட்ட பாடசாலைகளில், ஒப்படைத்த காலத்தில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளைகளும் எவ்விகிதத்தில் இருந்தனரோ, அவ்விகிதத்தைக் கருத்திற் கொண்டே இடங்கள் பகிரப்படவேண்டும் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் நீண்டகாலமாகக் கூறிவருகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு மாணவர் இடாப்பு, இன்று பிறந்த குழந்தையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. கத்தோலிக்கப் பெற்றோரும் சைவப் பெற்றோரும் தத்தம் சமயத்திற்குரிய பங்கு எவ்வளவு என்று விண்ணப்பிக்கும் முன்னரே விசாரித்தல் வேண்டும்.

இரண்டாவது வாயில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. தமிழிலும் எழுதக்கூடிய இப்பரீட்சைக்கு உறுதிப்பத்திரம் வேண்டா, புள்ளிகளே போதும். மூன்றாவது வாயில், சாதாரண தரப் பரீட்சையின் பின் உயர்தர வகுப்பிற்குச் சேரும் வாய்ப்பு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் திறப்பவை இவ்விரண்டுமே. எனவே மகனைக் கண்டிக்கு அனுப்ப விரும்புவோர், அவன் முதல் ஐந்தாண்டு படிக்கும் அயற்பாடசாலையையே முதலிற் செம்மைப்படுத்த முயலவேண்டும். அங்கு ஆசிரியர் வருகிறாரா, ஆரம்ப வகுப்பிற் கணிதம் ஒழுங்காக நடக்கிறதா என்பதே கண்டிக்குச் செல்லும் பாதையின் முதல் மைல்.

வாயில் திறந்தபின் உள்ளே எதைப் பார்ப்பது?

முதலாவது, மொழி. ஆங்கிலம் கல்விமொழியாயிருந்த காலத்தில் ஒரே வகுப்பில் இருந்த சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும், தாய்மொழிக் கல்வி வந்தபின் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்தனர். ஆதலின் ஒரு கல்லூரியிற் தமிழ்மொழிப் பிரிவு உண்டா, உண்டாயின் அது எந்த வகுப்பு வரை செல்கிறது, உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் உளரா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும். 2001-ஆம் ஆண்டளவில் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கிலமொழி மூலம் மீண்டும் தொடங்கியது. ஆனால் வீட்டில் உதவுவார் இல்லாத பிள்ளைக்கு அது ஏணியாகவும் அமையலாம், சுமையாகவும் அமையலாம்.

இரண்டாவது, சமயம். அரசாங்கப் பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெற்றோரின் சமயத்தைக் கற்க உரிமையுடையவன். சாதாரண தரப் பரீட்சையிற் சமயம் ஒரு கட்டாயப் பாடமும் ஆகும். ஆகையாற் கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கத் திருமறையும், சைவப் பிள்ளைக்குச் சைவநெறியும் கற்பிக்க உரிய ஆசிரியர் உளரா என்பது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. புள்ளியைப் பற்றிய கேள்வியுமாகும்.

மூன்றாவது, செலவு. கல்வி இலவசம், 1980 முதற் பாடநூல் இலவசம், 1993 முதற் சீருடைத் துணியும் வழங்கப்பட்டு வந்தது. எனினும் போக்குவரத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திற்குரிய பணம், விளையாட்டு உடை, மாலை வகுப்பு என்பன சேர்ந்து, நாட்சம்பளக் குடும்பத்தின் கையை நெரிக்கும். விடியுமுன் மலையிலிருந்து இறங்கி, இருட்டியபின் ஏறும் பிள்ளைக்கு எஞ்சும் படிப்பு நேரம் எவ்வளவு என்பதும் செலவுக் கணக்கிலேயே சேரும்.

நான்காவது, புகழைக் கண்டு மயங்காமை. 1920-இல் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன். ஒன்பது வயதிற் புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்ந்த அவர், 2010-இல் ஓய்வுபெற்றபோது டெஸ்ற் கிரிக்கெற்றில் 800 விக்கெற்றுக்களை வீழ்த்தியிருந்தார். நாம் யாவரும் பெருமை கொள்ளும் செய்தி இது. ஆயினும் ஒரு பாடசாலை எத்தன்மையது என்பதை அதன் முதல் மாணவன் சொல்லான். கடைசி வாங்கில் இருக்கும் மாணவனே சொல்வான். சாதாரண தரத்திற் கணிதம் தவறியவனைக் கல்லூரி என்ன செய்தது? தமிழ்ப் பிரிவில் ஆறாந் தரத்திற் சேர்ந்தவருள் எத்தனை பேர் பதினோராந் தரம் வரை நின்றனர்? மலையிலிருந்து வந்த பிள்ளையின் பேச்சைக் கேட்டு வகுப்பு நகைத்தபோது, ஆசிரியர் யார் பக்கம் நின்றார்? அதிபரிடமும் அங்கே படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகளிடமும் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

இவ்வரலாற்றின் பயனை ஒரு சொல்லில் அடக்கலாம். வாயிலில் எழுதிய புனிதர் பெயர் அப்பாடசாலையைக் கட்டியவர் யார் என்பதைச் சொல்கிறது. அரசாங்க முத்திரை அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதைச் சொல்கிறது. உள்ளே நடப்பது என்ன என்பதை இரண்டும் சொல்வதில்லை. அதனைப் பெற்றோர்தாம் சென்று பார்த்துக் கேட்டறிய வேண்டும். தலைமுறைகளாகக் கேள்வி கேட்க உரிமையற்றிருந்த மக்களுக்கு, ஓர் அதிபரின் அறைக்குட் சென்று அமர்ந்து, தன் பிள்ளைக்காகத் தெளிவான கேள்வி கேட்டல் சிறு செயலன்று. பாடசாலையை மதிப்பிடுதல் என்பது அதுவே. நல்ல பாடசாலை அக்கேள்விகளை வெறாது; விடை சொல்லும்.